முச்சந்தித் தையல்: மெஷினா, கையா, காகிதமா, துண்டையே பிளப்பதா?

சின்னச் சின்னத் துணித்துண்டுகளைச் சேர்த்து விரிப்பு தைக்கும் ஒட்டுத்துணி வேலையில் நேர்த்தையல் இருக்கும் வரை கவலையே இல்லை. இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, கால் அங்குல மார்ஜின் விட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட்டிவிடலாம். சிக்கல் தொடங்குவது மூன்றாவது துண்டு வரும்போது. ஏற்கெனவே சேர்ந்த இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு உள்மூலை திறந்திருக்கும். அதற்குள் மூன்றாவது துண்டு போய்ச் சரியாக உட்கார வேண்டும். மூன்று தையல்கள் மூன்று பக்கத்திலிருந்து வந்து ஒரே புள்ளியில் முடியும் இந்த இடத்துக்கு, ஆங்கில எழுத்தின் உருவத்தை வைத்து ஒய் தையல் என்று பெயர். எனக்கு அது முச்சந்தி.

அறுகோணத் துண்டுகளைத் தேன்கூடு போல அடுக்கினால் ஒவ்வொரு மூலையும் முச்சந்திதான். எட்டு முனை நட்சத்திரத்தில் டைமண்டுகளுக்கு இடையே சதுரமும் முக்கோணமும் உட்காரும் இடம், மூன்று டைமண்டுகள் சேர்ந்து கனசதுரப் பெட்டி போலத் தோன்றும் அமைப்பு, ஜன்னல் சட்டம் போல இரண்டு பட்டைகள் சாய்வாகச் சேரும் கட்டம், எல்லாவற்றிலும் இது உண்டு.

இதைத் தைக்க நான்கு வழிகள் இருக்கின்றன. மெஷினிலேயே புள்ளிக்குப் புள்ளி தைக்கலாம். கையால் ஓடுதையல் போடலாம். காகித அச்சின் மேல் துணியை மடித்து ஓரத்தோடு ஓரம் கோக்கலாம். அல்லது ஒரு துண்டை இரண்டாகப் பிளந்து முச்சந்தியே இல்லாத நேர்த்தையலாக மாற்றிவிடலாம். நான்கையும் செய்திருக்கிறேன். பலர் நான்காவது வழிக்குப் போவது அதுதான் பொருத்தம் என்பதால் அல்ல, முதல் வழியைக் கண்ட பயத்தால். அது தப்பான தொடக்கம் என்று நினைக்கிறேன். துணியில் பூவா கோடா என்ன அச்சு இருக்கிறது, மொத்தம் எத்தனை முச்சந்திகள் வரும் என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேட்டால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

எங்கே சிக்குகிறது

எந்த வழியில் போனாலும் அடிப்படை விதி ஒன்றுதான். தையல் மார்ஜினுக்குள் போகக் கூடாது. துணியின் ஓரம் வரை ஓடாமல், ஓரத்துக்குக் கால் அங்குலம் முன்னால் இருக்கும் புள்ளியில் நின்றுவிட வேண்டும். அந்தக் கால் அங்குலம் தைக்கப்படாமல் விடுதலையாக இருந்தால்தான் இரண்டு துண்டுகளும் கதவு போல விரிந்து மூன்றாவதற்கு இடம் கொடுக்கும்.

புள்ளியைத் தாண்டி ஒரே ஒரு குத்து கூடுதலாக விழுந்தாலும் அது மூன்றாவது துண்டின் துணியைக் கவ்விக்கொள்ளும். முகப்பில் சின்னச் சுருக்கம் விழும். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அது போகாது, பிரித்துத்தான் தைக்க வேண்டும். ஒரு குத்து குறைவாக நின்றுவிட்டால் அங்கே ஊசித்துளை அளவுக்கு ஓட்டை இருக்கும். அதைப் பின்பக்கமிருந்து கையால் இரண்டு குத்து குத்தி மூடிவிடலாம். ஆகவே சந்தேகம் வந்தால் குறைவாக நில்லுங்கள். மெஷினில் குத்தின் நீளம் வழக்கமாக 2 மில்லிமீட்டர். புள்ளியை நெருங்கும்போது அதை 1.5 ஆக்கிக்கொண்டால், தவறினாலும் தவறு சின்னதாக இருக்கும்.

இன்னொரு தொல்லை துணியின் இழை. சதுரத்தின் நான்கு ஓரங்களையும் நேர் இழையில் வெட்டலாம். டைமண்டுக்கு அது முடியாது. இரண்டு எதிர்ப்பக்கங்களை நேர் இழையில் வைத்தால் மற்ற இரண்டும் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வந்தே தீரும். கிராஸ் ஓரம் தொட்டாலே இழுபடும். வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்துவிடுவது இங்கே பெரிய உதவி. நான் இதைத் தவிர்ப்பதே இல்லை.

மெஷினில் புள்ளிக்குப் புள்ளி

இதைச் செய்பவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, மூன்றாவது துண்டை ஒரே ஓட்டத்தில் தைக்கும். வெளி ஓரத்தில் தொடங்கி, உள்மூலைப் புள்ளி வரை வந்து, ஊசியைத் துணிக்குள் இறக்கிவைத்து, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்பி, அடுத்த பக்கத்தைத் தைத்து முடிக்கும். பார்க்க அழகாகவும் வேகமாகவும் இருக்கும். ஆனால் திருப்பும் அந்த நொடியில் கீழே இருக்கும் மார்ஜின் எங்கே போயிற்று என்று கண்ணுக்குத் தெரியாது. அது ஊசியைச் சுற்றி மடிந்துகொண்டால் தைத்து முடித்துப் பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

நான் இன்னொரு கட்சி. முச்சந்தியை மூன்று தனித்தனித் தையல்களாகவே பார்க்கிறேன். முதல் இரண்டு துண்டுகளைச் சேர்ப்பது ஒன்று. மூன்றாவதன் ஒரு பக்கம் இன்னொன்று. துணியை மெஷினிலிருந்து எடுத்து, நூலை வெட்டி, திரும்பவும் அமைத்து மூன்றாவதன் மறுபக்கம். ஒவ்வொன்றும் முச்சந்திப் புள்ளியில் தொடங்கி வெளியே போகும். புள்ளியில் தொடங்குவதில் ஒரு வசதி: ஊசியைக் கையால் சக்கரத்தைத் திருப்பி நேராகப் புள்ளிக்குள் இறக்க முடியும். ஓடி வந்து புள்ளியில் நிறுத்துவதைவிட, நிற்கும் இடத்திலிருந்து கிளம்புவது எளிது.

தொடக்கத்தில் முடிச்சு வேண்டும். இரண்டு மூன்று குத்து முன்னால் போய், ரிவர்ஸில் புள்ளி வரை மட்டும் திரும்பி, பிறகு முன்னால் போக வேண்டும். ரிவர்ஸில் ஒரு குத்து அதிகமாகிவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். ரிவர்ஸ் இல்லாத பழைய மெஷின் என்றால் நூல் முனைகளை நீளமாக விட்டுப் பின்பக்கம் இழுத்துக் கையால் முடிச்சுப் போடுங்கள். எனக்கு இந்த முடிச்சுதான் ரிவர்ஸைவிடப் பிடிக்கும், அங்கே துணி தடிக்காது.

புள்ளி எங்கே என்பதைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம். ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் ஒவ்வொரு மூலையிலும் புள்ளி வைத்தாக வேண்டும். கெட்டியான அட்டையில் அல்லது பிளாஸ்டிக்கில் துண்டின் அச்சை வெட்டி, மூலைகளில் பென்சில் முனை நுழையும் அளவு துளை போட்டுக்கொண்டால் எல்லாத் துண்டுகளிலும் ஒரே இடத்தில் விழும். அடுத்து, இரண்டு துண்டுகளின் புள்ளிகளையும் ஒரு குண்டூசியால் செங்குத்தாகக் குத்திப் பொருத்துங்கள். அந்த ஊசியைச் சாய்த்துக் கோக்காமல் நேராகவே நிற்கவிட்டு, பக்கத்தில் வேறு இரண்டு குண்டூசிகளைக் கோத்துப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் புள்ளி ஒரு இழை நகர்ந்துவிடும்.

எந்தத் துண்டு மேலே, எது கீழே? துணியை அடியிலிருந்து நகர்த்தும் மெஷின் பல், கீழ்த்துணியை மேல்துணியைவிடக் கொஞ்சம் வேகமாக இழுக்கும். அதனால் இழுபட்டு நீண்டிருக்கும் கிராஸ் ஓரம் கீழே இருந்தால் அது தானாக அடங்கும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால், ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஜோடியை மேலே வைப்பேன். பழைய தையல் எங்கே முடிகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே தைக்கலாம், மார்ஜினை விரலால் ஒதுக்கியும் பிடிக்கலாம்.

மூன்று தையலும் முடியும்வரை இஸ்திரி போடாதீர்கள். முடிந்ததும் மூன்று மார்ஜின்களையும் ஒரே திசையில் சுழலும்படி படுக்க வைத்தால் பின்பக்கம் நடுவில் ஒரு குட்டிக் காற்றாடி தெரியும். அது தெரிந்தால் தையல் புள்ளியைத் தாண்டவில்லை என்று அர்த்தம். தாண்டியிருந்தால் மார்ஜின் சுழலவே மறுக்கும்.

இந்த வழியின் பலம், துணி முழுதாக இருக்கும், தையல் உறுதியாக இருக்கும், அடிக்கடி துவைக்கும் போர்வைக்கும் தாங்கும். குறை, ஒவ்வொரு முச்சந்தியிலும் நிறுத்தி, எடுத்து, வெட்டி, மறுபடி பொருத்த வேண்டும். அடுத்தடுத்துத் துண்டுகளை நூல் வெட்டாமல் சங்கிலி போல ஓட்டும் வேகம் இதில் கிடைக்காது. எட்டு முனை நட்சத்திரக் கட்டம் ஒன்றில் சதுரங்களுக்கு நான்கு, முக்கோணங்களுக்கு நான்கு, ஆக எட்டு முச்சந்திகள். அத்தகைய கட்டம் பன்னிரண்டு என்றால் 96. இது செய்யக்கூடிய வேலைதான். ஆயிரக்கணக்கில் போனால் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதில் அர்த்தம் இல்லை.

துண்டுகளின் அளவும் முக்கியம். பக்கம் இரண்டு அங்குலத்துக்குக் குறைவான துண்டை பிரஷர் ஃபுட்டுக்கு அடியில் திருப்பிப் பிடிப்பது கஷ்டம். நான் அதற்குக் கீழே மெஷினைத் தொடுவதில்லை.

கையால் ஓடுதையல்

மெஷினைக் கண்டு மிரண்டவர்கள் கையால் தைத்துப் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள். இங்கே முச்சந்தி ஒரு பிரச்சினையே இல்லை. பின்பக்கம் பென்சிலால் தையல் கோட்டை வரைந்து, புள்ளியில் ஊசியைக் குத்தி, ஒரு பின்தையல் போட்டு, கோட்டின் மேலேயே ஓடி, அடுத்த புள்ளியில் நின்றுவிடலாம். அடுத்த துண்டு வரும்போது நூலை வெட்டக்கூடத் தேவையில்லை. நிற்கும் மார்ஜினின் அடியில் ஊசியை நுழைத்து அந்தப் பக்கம் எடுத்து, இன்னொரு பின்தையல் போட்டு, புதிய திசையில் தொடரலாம். மெஷினில் எடுத்து, வெட்டி, மறுபடி பொருத்தும் வேலை இங்கே ஒரு ஊசி நுழைப்பில் முடிகிறது.

அங்குலத்துக்கு எட்டு முதல் பத்து குத்து இருந்தால் போதும். அங்குலத்துக்கு ஒருமுறை பின்தையல் போட்டால் நூல் இழுபட்டாலும் முழுத் தையலும் பிரியாது. நுண்மையான பருத்தி நூலும் மெல்லிய ஊசியும் வேண்டும். துணி நெருக்கமாக நெய்யப்பட்டதாக இருந்தால் ஊசி நுழையத் தகராறு செய்யும், அந்தத் துணிக்கு மெஷினே மேல்.

குறை என்றால் நேரம்தான். எல்லாத் துண்டிலும் எல்லாப் பக்கத்திலும் கோடு வரைய வேண்டும் என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. தைப்பதற்கு ஆகும் நேரத்துக்குச் சமமாகவே வரைவதற்கும் சில சமயம் போய்விடுகிறது.

காகித அச்சு

அறுகோணம் என்றதும் நினைவுக்கு வருவது இதுதான். துண்டின் சரியான அளவில் கெட்டிக் காகிதத்தை வெட்டி, அதன்மேல் துணியை வைத்து, மார்ஜினைப் பின்னால் மடித்து, கச்சாத் தையல் போட்டு அல்லது தண்ணீரில் கரையும் பசைக்குச்சியால் ஒட்டி வைக்க வேண்டும். பிறகு இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் சேர்த்து ஓரத்தின் ஒன்றிரண்டு இழைகளை மட்டும் கவ்விச் சுற்றிச் சுற்றித் தைக்க வேண்டும். எல்லாப் பக்கமும் அண்டைத் துண்டுகள் சேர்ந்த பிறகு கச்சாத் தையலைப் பிரித்துக் காகிதத்தை உருவிவிடலாம்.

இது புது யுக்தி இல்லை. 1718 என்ற ஆண்டு துணியிலேயே பதிந்திருக்கும் ஒரு பட்டு ஒட்டுத்துணி விரிப்பு இங்கிலாந்தில் குவில்ட் கலைஞர்களின் சங்கத்திடம் இருக்கிறது. அது இப்படிக் காகிதத்தின் மேல் தைக்கப்பட்டது. அந்தக் காகிதங்கள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. வழுக்கி ஓடும் பட்டைத் துல்லியமான கோணத்தில் நிறுத்திவைக்கக் காகிதத்தைவிட நல்ல துணை கிடையாது என்பதற்கு அது போதும்.

காகிதம் செய்யும் உதவியைக் கவனியுங்கள். கோணம் வெட்டும்போதே முடிவாகிவிடுகிறது. கிராஸ் ஓரம் காகிதத்தைச் சுற்றி மடிந்திருப்பதால் இழுபட வழியில்லை. துணியைக் கொஞ்சம் கோணலாக வெட்டியிருந்தாலும் பரவாயில்லை, காகிதம் நேராக இருந்தால் போதும். மூன்றாவது துண்டை உள்மூலையில் வைக்கும்போது காகிதத்தைக் கொஞ்சம் வளைத்துப் பிடித்தால் வேலை நடக்கும்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பக்கம் ஒரு அங்குலம் உள்ள அறுகோணத்தின் பரப்பு 2.6 சதுர அங்குலம். 60-க்கு 72 அங்குல விரிப்பு என்றால் 4,320 சதுர அங்குலம். ஏறக்குறைய 1,660 அறுகோணங்கள் வேண்டும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு துண்டுகளுக்குப் பொது என்பதால் துண்டுக்கு மூன்று தையல், மொத்தம் 5,000-க்கு அருகில். ஒவ்வொரு மூலையும் மூன்று துண்டுகளுக்குப் பொது என்பதால் துண்டுக்கு இரண்டு முச்சந்தி, மொத்தம் 3,300. ஒரு பக்கத்தைத் தைக்க இரண்டு நிமிடம் என்று வைத்தால்கூட 166 மணி நேரம். காகிதம் வெட்டுவதும் துணியை மடித்துப் பிடிப்பதும் இதில் சேராது. அதே விரிப்புக்குப் பக்கத்தை இரண்டு அங்குலமாக்கினால் துண்டுகள் 416, தையல்கள் 1,250, முச்சந்திகள் 830. பக்கத்தை இரட்டித்தால் வேலை நான்கில் ஒன்றாகக் குறைகிறது. எந்த வழி என்று யோசிப்பதற்கு முன்னால் எந்த அளவு என்று யோசிப்பது அதிகம் மிச்சப்படுத்தும்.

குத்துகள் முகப்பில் லேசாகத் தெரியும் என்பது இதன் பொதுவான குறை. நூல் துணியின் நிறத்தோடு ஒத்துப்போனால், மெல்லியதாக இருந்தால், துணியின் ஓரத்தை மட்டும் கவ்வினால் பெரும்பாலும் மறைந்துவிடும். இருட்டுத் துணியும் வெளுப்புத் துணியும் சேரும் இடத்தில் இருட்டு நிற நூலைப் பயன்படுத்துவேன்.

துண்டைப் பிளப்பது

இனி, முச்சந்தியையே இல்லாமல் செய்யும் வழி. மெஷினை மட்டும் நம்புகிறவர்கள் விரும்புவது இதைத்தான், அதற்கு நியாயமும் இருக்கிறது. 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் சக்கரக் கத்தியை அறிமுகப்படுத்தியது. துணியைப் பட்டை பட்டையாக நேராக வெட்டுவது எளிதாகிவிட்ட பிறகு, எந்த வடிவத்தையும் நேர்க்கோடுகளாக உடைத்துப் பார்க்கும் பழக்கம் வளர்ந்தது.

அறுகோணத்தை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு வெட்டினால் இரண்டு சரிவகங்கள் கிடைக்கும். அவற்றை வரிசை வரிசையாகச் சேர்த்து, பிறகு வரிசைகளை நேர்த்தையலால் இணைக்கலாம். பெட்டி அமைப்பில் மேல்முகமாக வரும் டைமண்டை இரண்டு சமபக்க முக்கோணங்களாக்கினால் நெடுக்குப் பட்டைகளாகத் தைத்துவிடலாம். ஜன்னல் கட்டத்தின் சாய்ந்த மூலையில் இரண்டு நிற முக்கோணங்கள் சேர்ந்த ஒரு சதுரத்தை வைத்துவிட்டால் முச்சந்தி மறைந்துவிடும். மூன்றில் ஜன்னல் கட்டத்துக்கு இது முழுக்கப் பொருந்தும், பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாத அளவுக்கு. அங்கே யோசிக்கவே வேண்டாம்.

எட்டு முனை நட்சத்திரத்தில்தான் இதைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிகத் தவறு நடப்பது இங்கே. எட்டு டைமண்டு, நான்கு சதுரம், நான்கு முக்கோணம், ஆக 16 துண்டுகள். சதுரத்தை மூலைவிட்டத்தில் இரண்டாக்குங்கள், முக்கோணத்தையும் நடுவே இரண்டாக்குங்கள். இப்போது துண்டுகள் 24. ஒரு டைமண்டின் இரு பக்கமும் ஒவ்வொரு அரைத்துண்டு சேர்ந்தால் ஒரு செங்கோண முக்கோணம் வரும். அப்படி எட்டு. எட்டையும் இரண்டிரண்டாக, பிறகு நான்கு நான்காக, கடைசியில் பாதியும் பாதியும் நேர்த்தையலால் சேர்க்கலாம். ஒரு முச்சந்தியும் கிடையாது.

இதன் நிஜமான லாபம் வேகம் அல்ல, திருத்த முடிவது. இரண்டு முக்கோணங்கள் சேர்ந்து கால்கட்டம் ஆனதும் சதுர அளவுகோலை வைத்துப் பார்த்து ஓரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். டைமண்டின் முனை வெளி ஓரத்தைத் தொடும் இடத்தில் கால் அங்குலம் விட்டுத்தான் சீவ வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். முழு டைமண்டுகளைப் புள்ளிக்குப் புள்ளி தைக்கும்போது இந்த வசதி இல்லை. ஒவ்வொரு டைமண்டின் 45 டிகிரி முனையிலும் ஒரு டிகிரி கூடினால் எட்டும் சேர்ந்து நடுவில் 360-க்குப் பதில் 368 ஆகிவிடும், துணி அலை அலையாக எழும்பும். ஒரு டிகிரி குறைந்தால் 352, நடுப்பகுதி கிண்ணம் போலக் குவியும். என் முதல் நட்சத்திரம் அப்படித்தான் குவிந்தது. மார்ஜின் ஒரு நூலிழை அளவு கூடியதே காரணம் என்று புரிய எனக்கு இரண்டு நட்சத்திரங்கள் ஆயின.

இந்த முறையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டு நிற முக்கோணங்கள் சேர்ந்த சதுரங்களை 4 × 4 ஆக அடுக்கி எட்டு முனை நட்சத்திரம் செய்யும் எளிய வடிவம் ஒன்று உண்டு. அதுவும் முச்சந்தி இல்லாதது. ஆனால் அதில் வருவது உண்மையான டைமண்டு இல்லை. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிட 1.41 மடங்கு நீளமான இணைகரம். நட்சத்திரம் வேறு முகம் காட்டும். அது பிடித்திருந்தால் தாராளமாகச் செய்யலாம், பழைய நட்சத்திரத்தின் சுலப வழி என்று நினைத்துச் செய்தால் ஏமாற்றம்தான். உண்மையான டைமண்டில் அளவுகளும் சுலபமாக வராது. 12 அங்குலக் கட்டத்தில் டைமண்டின் பக்கம் 3.51 அங்குலம். அதனால் இதற்கு அளவுகோலைவிட அச்சு அட்டையே நம்பகமானது.

பிளப்பதற்குக் கொடுக்கும் விலை என்ன? முதலாவது துணி. ஒவ்வொரு புதுத் தையலும் இரு பக்கமும் கால் அங்குலம் கேட்கும். தைத்து முடித்தபின் மூன்றரை அங்குலம் வர வேண்டிய மூலைச் சதுரத்துக்கு 4 அங்குலச் சதுரம் வெட்டினால் போதும். அதையே இரண்டு முக்கோணங்களாகச் செய்ய 4⅜ அங்குலச் சதுரம் வேண்டும். பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

இரண்டாவது, கோடு. ஒரே நிறத் துணியிலும் பொடிப் பூ நெருக்கமாக உள்ள அச்சிலும் அந்தக் கோடு கண்ணில் படாது. பட்டைக் கோடு போட்ட துணியில், கட்டம் போட்ட துணியில், பெரிய பூ உள்ள துணியில் அது வெட்டுக்காயம் மாதிரி நிற்கும். வெளுத்த ஒரே நிறத் துணியில்கூட, மார்ஜினின் நிழல் முகப்பில் தெரியும். ஒரு பூவை அறுகோணத்தின் நடுவில் வரும்படி தேடித்தேடி வெட்டியிருக்கிறீர்கள் என்றால் அதைப் பிளப்பது அந்த உழைப்பையே வீணாக்கும்.

மூன்றாவது விலையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முச்சந்தி உண்மையில் காணாமல் போவதில்லை. அரை அறுகோணங்களை வரிசையாகச் சேர்க்கும்போது பழைய முச்சந்தி ஒவ்வொன்றிலும் மேல்வரிசையின் சாய்ந்த தையலும் கீழ்வரிசையின் சாய்ந்த தையலும் சந்தித்தாக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அறுகோணம் இடுப்பொடிந்தது போலத் தெரியும். முன்பு 3,300 இடத்தில் நின்று திரும்பினீர்கள், இப்போது 3,300 இடத்தில் பொருத்துகிறீர்கள். பொருத்துவது எளிது என்பது உண்மை. வேலையே இல்லை என்பது உண்மையல்ல. பெரிய அறுகோணங்களுக்கு மட்டும்தான் நான் இந்த வழியைச் சொல்வேன்.

காகிதத்தில் கோடு அச்சிட்டு, அதன் மேலேயே மெஷினால் தைத்து, காகிதத்தைக் கிழித்தெடுக்கும் முறையைப் பற்றியும் அடிக்கடிக் கேட்பார்கள். அதில் ஒவ்வொரு துண்டும் ஒரு நேர்க்கோட்டில் தைத்துப் புரட்டப்படுகிறது. உள்மூலைக்குள் துண்டை உட்கார வைக்க அதில் வழியில்லை. வடிவத்தைப் பிளந்தால்தான் அதுவும் நடக்கும், ஆகவே அது தனி வழி அல்ல.

எதற்கு எது

முதலில் துணியைத் தரையில் விரித்து, அச்சைப் பாருங்கள். பிளந்தால் தாங்குமா? தாங்காது என்றால் நான்காவது வழி அங்கேயே விலகிவிட்டது. தாங்கும் என்றால் முச்சந்திகளை எண்ணுங்கள்.

நட்சத்திரக் கட்டங்கள், துண்டுகள் பெரியவை, முச்சந்திகள் நூறுக்குள், துணியில் நல்ல அச்சு. இதற்கு மெஷினில் புள்ளிக்குப் புள்ளி தைப்பதையே தேர்ந்தெடுப்பேன், கொஞ்சமும் தயங்காமல். மூலைத் துணி ஒரே நிறமாகவோ பொடி அச்சாகவோ இருந்து, தைப்பவர் புதியவராகவும் இருந்தால் பிளந்து தைக்கச் சொல்வேன். திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குத் தேவை.

முழுக்க அறுகோணம், பக்கம் ஒன்றரை அங்குலத்துக்குக் கீழ் என்றால் காகிதம். மடியில் வைத்துக்கொண்டு பயணத்திலும் காத்திருக்கும் நேரத்திலும் தைக்கலாம். 166 மணி நேரம் என்பது ஒரே இருப்பில் முடிக்கும் வேலை இல்லை, அரை மணி அரை மணியாகச் சேரும் வேலை. பக்கம் மூன்று அங்குலத்துக்கு மேல், குழந்தை இழுத்துக்கொண்டு திரியப் போகும் போர்வை, வாரம் ஒருமுறை துவைக்கும் துணி என்றால் அரை அறுகோணங்களை மெஷினில் ஓட்டுங்கள். இடைப்பட்ட அளவுக்குக் கையால் ஓடுதையல் நல்ல தேர்வு, கோடு வரையப் பொறுமை இருந்தால்.

டைமண்டு, ஐங்கோணம், சதுரம் என்று பல வடிவங்கள் கலந்து ஒன்றின் உள்மூலையில் இன்னொன்று உட்காரும் அமைப்புக்குக் காகிதத்தைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன். அங்கே கோணங்களை நினைவில் வைத்துக்கொள்வது காகிதத்தின் வேலையாக இருக்கட்டும்.

ஒரே விரிப்பில் இரண்டு வழிகளைக் கலக்கலாமா என்றால், கலக்கலாம். இப்போது என் கையில் இருக்கும் விரிப்பில் ஏழு அறுகோணங்கள் சேர்ந்த பூக்கள் இருக்கின்றன. ஒரு பூவுக்கு 12 தையல், 6 முச்சந்தி. பூக்களைக் காகிதத்தின் மேல் கையால் முடித்தேன். பூவுக்கும் பூவுக்கும் நடுவே அறுகோணங்களை நிரப்பாமல், பூவை முழுதாக ஒரு பெரிய சதுரத் துணியின் நடுவில் வைத்து ஓரம் சுற்றிக் கையால் தைத்துவிட்டேன். இப்படி வெளிப்பக்க முச்சந்திகள் மொத்தமும் குறைந்தன. சதுரங்களை மெஷினில் நேர்த்தையலால் இணைக்கப் போகிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நல்ல துணியைத் தொடுவதற்கு முன்னால் அதே கனத்தில் உள்ள கழிவுத் துணியில் மூன்று துண்டுகளை மட்டும் சேர்த்துப் பாருங்கள். முடித்து இஸ்திரி போட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். முச்சந்தியில் வெளிச்சம் ஊசிமுனை அளவு தெரிந்தால் புள்ளிக்கு முன்னால் நின்றிருக்கிறீர்கள், அடுத்த முறை ஒரு குத்து கூட்டுங்கள். மேஜையில் வைத்தால் அந்த இடம் மட்டும் படுக்க மறுத்தால் தாண்டியிருக்கிறீர்கள், ஒரு குத்து குறையுங்கள். உங்கள் மெஷினுக்கும் உங்கள் கைக்கும் அந்த எண்ணிக்கை எது என்று தெரிந்த பிறகு பெரிய துணியில் கத்தியை வையுங்கள்.